படைவீரர் மருத்துவச்சாலைகளின் வரலாறு

போர் முடிந்ததென்று முரசறைந்த பின்னும் போரிற்பட்ட புண் முடிவதில்லை. காலிழந்து மீண்டவன் அதன்பின் முப்பது நாற்பது ஆண்டு உயிர்வாழ்தல் வேண்டும். அவனைப் பேணுவார் யார் என்னும் வினாவிற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கூறிற்று. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் 1670-ஆம் ஆண்டில், முதிர்ந்த வீரர்க்கும் உறுப்பிழந்த வீரர்க்கும் பாரிசு நகரில் ஒரு மாளிகை எழுப்பக் கட்டளையிட்டான். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லசு 1682-இல் செல்சியில் அதனையொத்த ஒன்றை நிறுவினான். இவற்றை விடுத்து யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செய்தி. பெருமையும் சிறுமையும் அதன்கண் ஒருங்கே காணப்படுதலின் நம் இதழ் படிக்கும் அன்பர்க்கு அது பயன்படுமென்று கருதினோம்.

அந்நாட்டு உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், 1865-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் உறுப்பிழந்த தொண்டர்படையினர்க்கு இல்லம் அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் இரண்டாமுறை பதவியேற்றுப் பேசுங்காலும், போரைச் சுமந்தவனையும் அவன் கைம்பெண்ணையும் மகவையும் காத்தல் கடனென்றார். ஆயினும் அவ்வில்லங்கள் வென்ற வடபடையினர்க்கே உரியவாயின. தோற்ற தென்படையினர்க்கு நடுவணரசின் உதவி இல்லை. 1861-இல் காலிழந்த ஹாங்கர் என்னும் தென்படை இளைஞன் பீப்பாய்ப் பலகையைச் செதுக்கித் தனக்குத்தானே பொய்க்கால் செய்துகொண்டான். அவன் தொடங்கிய பொய்யுறுப்புத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

முதல் உலகப்போரின் பின் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அலபாமா மாகாணத்து டஸ்கிகீ என்னுமூரில் கறுப்பினப் படைவீரர்க்கெனத் தனி மருத்துவச்சாலை 1923 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நிலத்தை ஈந்தது அவ்வூரிலிருந்த கறுப்பினத்தவர் கல்விக்கழகம். நோயாளர் அனைவரும் கறுப்பர். மருத்துவரும் தாதியரும் வெள்ளையராகவே இருத்தல் வேண்டுமென்று அவ்வூர் வெள்ளையர் நின்றனர். அம்மாகாணச் சட்டமோ வெள்ளைத் தாதி கறுப்பு ஆடவனைத் தொட்டுப் பணிசெய்தலைத் தடுத்தது. அதற்கு அவர் கண்ட வழி யாதெனின், வெள்ளைத் தாதி ஊதியம் பெறுவாள். உடன் ஒரு கறுப்பினப் பணிப்பெண் நின்று, தொடவேண்டியவற்றை எல்லாம் அவளே தொட்டுச் செய்வாள்!

இதனைப் படிக்குங்கால் நம்மவர்க்கு வியப்புத் தோன்றாது. இத்தகைய ஏற்பாடுகளை நம் ஊர்களிலும் கண்டிருக்கின்றோம். தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என்றொரு துறை கூறினார். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தொடாதபடி மனைவி காத்தல் அது. ஆங்கு விலக்கப்பட்டது பேய்; அலபாமாவில் விலக்கப்பட்டது தாதியின் கை.

கல்விக்கழகத் தலைவரான மோட்டன், குடியரசுத் தலைவர் ஹார்டிங்கிற்கு முறையிட்டார். அவருக்கு உயிரச்சமும் காட்டப்பட்டது. 1923 சூலையில் முகமூடியணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் நூற்றுக்கணக்கில் திரண்டு அவ்வூரில் ஊர்வலம் வந்தனர். மோட்டன் அசைந்திலர். படிப்படியாகக் கறுப்பின மருத்துவரும் தாதியரும் அமர்த்தப்பட்டனர். 1924-இல் போர்க்களம் கண்ட கறுப்பின மருத்துவர் ஜோசப் வார்டு அச்சாலையின் தலைமையையே ஏற்றார்.

1930-இல் சிதறிக்கிடந்த நிலையங்கள் யாவும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொணரப்பட்டன. எனினும் சாலைகள் தங்குமிடங்களாக இருந்தனவேயன்றிச் சிறந்த மருத்துவர் நாடிவரும் இடங்களாக இல்லை. 1945-இல் தளபதி பிராட்லி தலைமையேற்று, மருத்துவர் ஹாலியைத் துணைக்கொண்டார். 1946 ஜனவரியில் மருத்துவப் பகுதிக்குத் தனிச் சட்டம் பிறந்தது; அம்மாதத்திலேயே மருத்துவக் கல்லூரிகளோடு சாலைகளை இணைக்கும் ஆணையும் வெளிவந்தது. எமது கருத்தில் இவ்வாணையே அனைத்திற்கும் வேர். கல்லூரி வந்தது, அதனோடு ஆராய்ச்சியும் வந்தது. அவ்வாண்டே காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் மருந்தைப் பல சாலைகளில் ஒரே முறையாகச் சோதிக்கத் தொடங்கினர்.

அம்முறையின் பெரும்பயன் இரத்தக் கொதிப்பில் விளைந்தது. குறுகிய நாளங்களின் வழியே குருதியைச் செலுத்த மிகுந்த அமுக்கம் உடலுக்குத் தேவையே என்று முன்னாள் மருத்துவர் பலர் நம்பினர். குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் மிகுந்த கொதிப்போடு வாழ்ந்து, 1945 ஏப்ரல் 12-இல் மூளையிற் குருதி கசிந்து மாண்டார். பின்னர் எட்வர்டு பிரைஸ் என்னும் மருத்துவர் படைவீரர் சாலைகளில் ஒரு சோதனை நடத்தினார். நோயாளர் வில்லைகளை ஒழுங்காக விழுங்குகின்றனரா என்றறிய அவற்றில் ரிபோபிளேவின் சேர்த்தார். விழுங்கியவர் சிறுநீர் புறவூதா ஒளியில் ஒளிரும். ஏமாற்றுவோரை இவ்வாறு முன்னரே விலக்கினார். கீழமுக்கம் 115 முதல் 129 வரையிருந்த 143 ஆடவரில் 73 பேர்க்கு மருந்தும் 70 பேர்க்கு மருந்தற்ற வில்லையும் தரப்பட்டன. கொடுத்த மருந்து மூன்றனுள் ஒன்றாகிய ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேரின் ஆற்றலைப் பம்பாய் மருத்துவர் வக்கீல் 1949-இலேயே ஆங்கில இதழொன்றில் எழுதி உலகறியச் செய்திருந்தார்.

1967-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெறாதாருள் 27 பேர்க்குப் பெருந்தீங்கு நேர்ந்தது, அவருள் நால்வர் இறந்தனர். மருந்து பெற்றாருள் தீங்குற்றார் இருவரே, இறந்தார் ஒருவருமிலர். 1970-இல் மிதமான கொதிப்புடைய 380 பேரிடத்தும் மருந்தின் பயன் நிறுவப்பட்டது. இன்று நம் ஊர் மருந்தகத்தில் கொதிப்பு மாத்திரை வாங்கும் முதியவரும் அவ்வீரர்க்குக் கடன்பட்டவரே. மருந்து பயன்படுமா என்பதே அந்நாளில் ஐயமாயிருந்தமையின் வெறும் வில்லை கொடுத்தது குற்றமன்று என்பாருளர். இருக்கலாம், ஆயினும் அந்நால்வரை நினையாது இக்கணக்கை எழுத எமக்கு மனமில்லை. சோதிக்கப்பட்டோர் அனைவரும் ஆடவர் என்பதும் ஒரு குறையே.

இத்தகைய சாலையொன்றிலேதான், நியூயார்க் நகரத்துப் பிராங்சு பகுதியில், ரோசலின் யாலோ அம்மையார் பெர்சனோடு சேர்ந்து, குருதியில் நுண்ணளவினதாய் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டார். அதற்காக 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972-இலேயே மறைந்துவிட்டமையின் அப்பரிசில் அவருக்குப் பங்கில்லாமற் போயிற்று.

வியட்நாம் போரில் 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை காடழிக்கும் நஞ்சைத் தெளித்தது. அதில் நனைந்த படையினர் பலர்க்குப் பின்னாளில் இரத்தக் கொதிப்பு வந்தது. அந்நோய்க்கு மருந்துண்டென்று தம் உடலால் மெய்ப்பித்தவரும் படைவீரரே. எனினும் அந்நஞ்சால் வந்த நோயென்று அதனையும் சேர்த்துக்கொண்டு உதவித்தொகைக்கு வழிசெய்த சட்டம் 2022 ஆகஸ்டு 10-ஆம் நாளில்தான் கையொப்பமாயிற்று. தெளிப்பு நின்று 51 ஆண்டுகள் கழிந்திருந்தன.