ஒலிவாங்கியிலிருந்து முகாமையாளர் கதிரைக்கு: 1986இல் சிக்காகோவில் நடந்தது



கிரிக்கெட் பார்க்கும்போது நம்மில் அநேகர் சொல்வதுதான்: "இந்த வர்ணனையாளருக்கு இருக்கிற அறிவு தெரிவுக்குழுவில் ஒருவருக்கும் இல்லையே! இவரிடமே அணியைக் கொடுத்தால் என்ன?" அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் கழகத்தின் உரிமையாளர்களுக்கும் இதே எண்ணம் வந்தது. அவர்கள் எண்ணியதோடு நிற்கவில்லை. தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவரை அழைத்துக் கழகத்தையே கையில் கொடுத்தார்கள். அந்த ஓராண்டின் வரலாற்றை இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத விளையாட்டு என்பதால் இரண்டு பதவிகளை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். பேஸ்போலில் "மெனேஜர்" என்பவர் மைதானத்தில் இருப்பவர். யார் பந்து வீசுவது, யார் எந்த இலக்கத்தில் துடுப்பெடுப்பது, யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் வேலை. இவரைக் கள முகாமையாளர் என்போம். "ஜெனரல் மெனேஜர்", அதாவது பொது முகாமையாளர், காரியாலயத்தில் இருப்பவர். எந்த வீரரை எடுப்பது, யாரை விடுவது, வேறு கழகத்தோடு யாரைப் பரிமாறுவது, எவ்வளவு சம்பளம், கள முகாமையாளர் யார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்து தெரிவாகும் இளைஞர்களைக் கீழ்மட்ட அணிகளில் வைத்து ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதும் அவர் பொறுப்பே. இன்று அவர் நடுகின்ற கன்று சில வருடங்களுக்குப் பிறகுதான் காய்க்கும்.

இனி கதைக்கு வருவோம். சிக்காகோ நகரில் வைட் சொக்ஸ் என்றொரு கழகம். 1981இல் ஜெரி ரெய்ன்ஸ்டோர்ஃப், எடி ஐன்ஹோர்ன் ஆகியோர் தலைமையிலான குழு அதை வாங்கியது. இதில் ஐன்ஹோர்ன் தொலைக்காட்சி விளையாட்டு ஒளிபரப்பில் பேரெடுத்த மனிதர். அப்போது பொது முகாமையாளராக இருந்தவர் ரோலண்ட் ஹெமண்ட். 1970இலிருந்து அந்தக் கதிரையில் இருந்தவர். கள முகாமையாளர் டொனி லா ரூசா. சட்டம் படித்த இளைஞர், 1979இல் பதவிக்கு வந்தவர். 1983இல் அணி 99 போட்டிகளில் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் 74 வெற்றிகள்தான். 1985இல் 85 வெற்றிகளோடு மூன்றாமிடம். மோசமில்லை, ஆனால் உரிமையாளர்களின் பொறுமை குறைந்துகொண்டு வந்தது.

அதே அணியின் போட்டிகளை 1982இலிருந்து தொலைக்காட்சியில் வர்ணித்தவர் கென் ஹரல்சன். "ஹோக்", அதாவது பருந்து, என்பது அவருடைய பட்டப்பெயர். சும்மா வாய்ப்பேச்சுக்காரர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. 1963 முதல் 1971 வரை மேல்மட்டத்தில் விளையாடியவர். 1968இல் பொஸ்டன் அணிக்காக ஆடி, சக வீரர்களை ஓடி முடிக்க வைத்த ஓட்டங்களில் அமெரிக்கன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். அந்த வருடம் அவர் கணக்கில் 109 ஓட்டங்கள். பின்னர் பொஸ்டனில் ஏழு பருவங்கள் வர்ணனை செய்துவிட்டு சிக்காகோ வந்தவர். விளையாட்டும் தெரியும், பேசவும் தெரியும், ரசிகர்களின் அன்பும் உண்டு. இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று உரிமையாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை. 1985 பருவம் முடிந்த கையோடு ஹெமண்டை ஒதுக்கிவிட்டு, கழகத்தின் விளையாட்டு விவகாரம் முழுவதையும் ஹரல்சனிடம் ஒப்படைத்தார்கள்.

1986இல் நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, கார்ல்டன் ஃபிஸ்க் விவகாரம். அவர் "கெட்சர்", நம் விக்கெட் காப்பாளரைப் போன்ற ஓர் இடம். முந்திய வருடம்தான் 37 ஹோம் ரன் அடித்திருந்தார். தன் வாழ்நாளில் ஒரு பருவத்தில் அவர் அடித்த ஆகக் கூடிய எண்ணிக்கை அது. வயது 38 ஆகிவிட்டது, இளையவருக்கு இடம் கொடுப்போம் என்று அவரை இடது வெளிக்களத்துக்கு மாற்றினார்கள். நினைப்பில் நியாயம் இருந்தது. நடைமுறையில் சரிவரவில்லை. அதே பருவத்திலேயே ஃபிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பினார். அதன்பின் 1993 வரை விளையாடி, அந்த இடத்தில் ஆகக் கூடுதலான போட்டிகள் ஆடியவர் என்ற அன்றைய சாதனையோடு ஓய்வு பெற்றார்.

இரண்டாவது, லா ரூசா. அணி 26 போட்டிகளில் வென்று 38இல் தோற்றிருந்த நேரம், ஜூன் மாதத்தில், ஹரல்சன் அவரைப் பதவி நீக்கினார். ஒரு பருவத்தில் 162 போட்டிகள். 64 போட்டிகள்தான் முடிந்திருந்தன.

மூன்றாவது, டேவ் டொம்ப்ரோவ்ஸ்கி. ஹெமண்டின் கீழ் வேலை பழகி, உதவிப் பொது முகாமையாளராக உயர்ந்திருந்த இளைஞர். கழகத்தின் உள்விவகாரம் அத்தனையும் அறிந்தவர். அவரையும் ஹரல்சன் அனுப்பிவிட்டார்.

நான்காவது, பொபி பொனிலா. வேறு கழகத்தின் கீழ்மட்ட அணியில் கவனிப்பின்றி இருக்கும் வீரரைச் சிறு தொகை கொடுத்து எடுத்துக்கொள்ள பேஸ்போலில் ஒரு விதி உண்டு. அந்த விதிப்படி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்திடமிருந்து வைட் சொக்ஸுக்குக் கிடைத்த பிள்ளைதான் பொனிலா. ஜூலையில் அவரை அதே பிட்ஸ்பர்க்குக்கே திருப்பிக் கொடுத்து, ஹோசே டிலியோன் என்ற பந்துவீச்சாளரை வாங்கினார்கள். டிலியோன் முந்திய பருவத்தில் 2 வெற்றி, 19 தோல்வி கண்டவர். ஆனால் கையில் திறமை இருந்தது. பொனிலாவோ பின்னர் ஆறு தடவை நட்சத்திர அணிக்குத் தெரிவானார். 1990இலும் 1991இலும் பிட்ஸ்பர்க் தன் பிரிவை வென்றபோது முக்கிய தூண்களில் ஒருவராக நின்றார்.

அந்தப் பருவத்தை வைட் சொக்ஸ் 72 வெற்றி, 90 தோல்வியோடு முடித்தது. பருவம் முடியும் தறுவாயில் ஹரல்சன் பதவியைத் துறந்தார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

அனுப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? லா ரூசாவை மூன்று கிழமைக்குள் ஒக்லண்ட் அணி எடுத்துக்கொண்டது. 1988, 1989, 1990 என அடுத்தடுத்து மூன்று வருடம் அந்த அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார், 1989இல் வென்றார். பிறகு சென்ட் லூயிஸ் அணியோடு 2006இலும் 2011இலும் வென்றார். டொம்ப்ரோவ்ஸ்கி இரண்டு வருடத்துக்குள், 31 வயதில், மொன்றியல் கழகத்தின் பொது முகாமையாளரானார். அவர் தலைமையில் புளோரிடா 1997இலும் பொஸ்டன் 2018இலும் உலகத் தொடரை வென்றன. லா ரூசாவை அனுப்பவிட்டதே தன் பெரிய வருத்தம் என்று ரெய்ன்ஸ்டோர்ஃப் பிற்காலத்தில் பகிரங்கமாகவே சொன்னார். 2020இல் அவரையே மறுபடியும் கள முகாமையாளராக அழைத்துக்கொண்டார். இடையில் ஓடியது 34 வருடம்!

ஹரல்சனும் வீழ்ந்துவிடவில்லை. அவர் ஒலிவாங்கிக்கே திரும்பினார். 1990 முதல் 2018 வரை அதே வைட் சொக்ஸின் குரலாக இருந்தார். பேஸ்போல் வர்ணனையாளர் ஒருவருக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய கௌரவமான ஃபோர்ட் ஃப்ரிக் விருது 2020ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. தன் தொழிலில் அவர் முதல்தரமானவர். அந்த ஒரு வருடம் மட்டும்தான் வேறொருவரின் தொழிலில் இருந்தார்.

அப்படியென்றால் வர்ணனையாளர்கள் வர்ணனையோடு நிற்க வேண்டும் என்பதா? அவசரப்பட வேண்டாம். வரலாற்றில் மறுபக்கமும் இருக்கிறது.

லெரி டியர்க்கர் ஹூஸ்டன் அணியின் முன்னாள் பந்துவீச்சாளர். 1979இலிருந்து 1996 வரை வர்ணனையாளர். 1997இல் நேரே கள முகாமையாளராக்கப்பட்டார். ஐந்து பருவத்தில் நான்கு தடவை அணி தன் பிரிவை வென்றது. அரிசோனாவின் வர்ணனையாளராக இருந்த பொப் பிரென்லி 2001இல் அதே அணியின் கள முகாமையாளரானார். முதல் வருடத்திலேயே நியூயோர்க் யாங்கீஸைத் தோற்கடித்து உலகத் தொடரை வென்றார். மாறாக, சான் டியாகோவின் வர்ணனையாளர் ஜெரி கோல்மன் 1980இல் கள முகாமையாளராகி, 73 வெற்றி, 89 தோல்வியோடு கடைசி இடத்தில் முடித்து, வர்ணனைக்கே திரும்பினார்.

கவனியுங்கள், இவர்கள் மூவரும் மைதானப் பொறுப்புக்கு வந்தவர்கள். பிரென்லியின் கையில் ரண்டி ஜோன்சன், கேர்ட் ஷில்லிங் என்ற இரு மாபெரும் பந்துவீச்சாளர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தவர் பொது முகாமையாளர் ஜோ கராஜியோலா ஜூனியர். அவருடைய தகப்பன் நாடறிந்த வர்ணனையாளர். மகனோ ஒரு வழக்கறிஞர்! மைதானத்தில் நடப்பதை வர்ணனையாளர் தினமும் மேலிருந்து பார்க்கிறார். அதனால் அந்த வேலைக்கு அவருடைய கண் உதவும். காரியாலயத்தில் நடப்பது அவர் கண்ணில் படுவதேயில்லை. கீழ்மட்ட அணிகளில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர் கண்டிருக்க மாட்டார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வர்ணனையாளர் நேற்றுச் சொன்னது பிழைத்தால் இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பொது முகாமையாளர் கைவிட்ட பிள்ளை பத்து வருடம் வேறு அணியில் ஆடி, தினமும் அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பான். வர்ணனையாளருக்கு அமைதி ஆகாது, எதையாவது சொல்லியே ஆக வேண்டும். பொது முகாமையாளருக்கோ பேசாமல், அசையாமல், தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு இருப்பதே பல நாட்களில் வேலை.

பொது முகாமையாளர் பதவியிலும் வர்ணனையாளர் வென்ற வரலாறு இருக்கிறதா? பேஸ்போலுக்குப் பக்கத்து வீடான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. மெட் மில்லன், ஜோன் லின்ச் இருவருமே சிறந்த வீரர்கள். இருவருமே ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர்கள். இருவருக்குமே காரியாலய அனுபவம் இருக்கவில்லை.

மில்லன் 2001இல் டெட்ரோயிட் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2003, 2004, 2005 என மூன்று வருடமும் முதல் தெரிவில் பந்தை ஓடிப் பிடிக்கும் கவர்ச்சியான வீரர்களையே எடுத்தார். 31 வெற்றி, 84 தோல்வி என்ற கணக்கோடு 2008இல் பதவியிழந்தார். அந்த வருடம் அணி ஆடிய 16 போட்டிகளிலும் தோற்றது.

லின்ச் 2017இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போனார். முதல் வருடம் 6 வெற்றி, அடுத்த வருடம் வெறும் 4. ஆனால் போன கையோடு, வீரர்களைத் தேடித் தெரிவு செய்வதில் பல வருடம் பழுத்த அடம் பீட்டர்ஸைத் தன்னருகில் வைத்துக்கொண்டார். பயிற்றுவிப்பாளர் கைல் ஷனஹனோடு சேர்ந்தே முடிவுகளை எடுத்தார். உரிமையாளர்களும் காத்திருந்தார்கள். மூன்றாம் வருடம் 13 வெற்றி, இறுதிப் போட்டி. 2023 பருவத்தில் மீண்டும் இறுதிப் போட்டி. இரண்டிலும் கிண்ணம் கிடைக்கவில்லை என்றாலும், அடிமட்டத்தில் கிடந்த அணியை அவ்வளவு தூரம் கொண்டுவந்ததை யாரும் மறுக்க முடியாது.

ஆக, வர்ணனையாளர் நல்ல பொது முகாமையாளராக முடியுமா என்ற கேள்விக்கு வரலாறு தருகின்ற பதில் இதுதான்: முடியும், ஆனால் அவர் முதல் வருடத்தில் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார், யாரை வெளியே அனுப்புகிறார் என்பதைப் பார்த்தாலே முடிவு பாதி தெரிந்துவிடும். ஹரல்சன் வந்தபோது டொம்ப்ரோவ்ஸ்கியும் லா ரூசாவும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். அவருக்குத் தெரியாத அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு நடந்திருந்தால் ஹரல்சனின் பெயர் இன்று வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம்.

நம் மார்க்கம் பொறுப்பை அமானிதம் என்கிறது. காரியங்களை மஷூரா செய்து நடத்தச் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பவரே அமானிதத்தைப் பேணுபவர். சங்கமோ நிர்வாக சபையோ, ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் முன் அவர் மேடையில் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கேட்டுவிட்டோம். மற்றவர் பேசும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்வோம். பொறுப்புகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.