கண்டிக் கலையை எழுதியவர் கண்டெடுத்த கறுப்புக் கல்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் கண்டியில் பலருக்கும் நினைவுக்கு வருவது, கண்டிய கைவினைகள் பற்றி அவர் 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூல்தான். ஆனால் அவரைக் கிராமம் கிராமமாக அலையவைத்த உத்தியோகம் வேறு. சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர், அப்போது இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர்.

1904இல், பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் சரளையில் கிடைத்த ஒரு கறுப்புக் கல் அவரது கவனத்தை ஈர்த்தது. கனசதுர வடிவம், அளவுக்கு மீறிய பாரம். யுரேனியக் கனிப்பொருள் என்றே முதலில் கருதப்பட்டது. இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் மேற்கொண்ட பகுப்பாய்வில், அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனத் தெரியவந்தது. கல்லுக்குத் 'தோரியனைற்று' என்று பெயர் வைத்தார்கள்.

தோரியம் அணுவெண் 90 கொண்ட உலோகம். சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சேலியஸ், நோர்வேயில் கிடைத்த கனிப்பொருளொன்றிலிருந்து 1829இல் இதனை இனங்கண்டார். சீரியம் போன்ற அருமண் மூலகங்களின் கூட்டத்தில் இது சேராது. ஆனால் பெரும்பாலும் அவற்றோடு ஒரே கனிப்பொருளில் காணப்படும். இது கதிர்த்தொழிற்பாடு உடையது என்பது 1898இல் தெரியவந்தது. அரைவாழ்வுக் காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். இதன் ஒட்சைட்டு 3,300 பாகை செல்சியஸ் வரை உருகாது.

அந்தக் குணம்தான் அன்று இதற்கு விலை தேடித் தந்தது. பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்டில் வலையில் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டு, 1 வீதம் சீரியம் ஒட்சைட்டு.

இலங்கைத் தோரியனைற்றில் ரேடியம் பிரிக்கும் வேலையை இலண்டனில் வில்லியம் ராம்சே, ஓட்டோ ஹான் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். 1905இல் ஹான் அதில் 'ரேடியோதோரியம்' என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தார். பின்னாளில், அணுக்கருப் பிளவுக்காக 1944ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

கல் நம்முடையது, அதிலிருந்து பிறந்த அறிவு இலண்டனில் உருவானது. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை உண்டு. ஹந்தானையில் அடிப்படை ஆய்வுக்கென்றே தேசிய நிறுவனம் உண்டு. புல்மோட்டைக் கரை மணலிலோ அருமண் மூலகங்களும் தோரியமும் கலந்த மொனசைற்று கிடக்கிறது. உலகமே அருமண் தேடி அலையும் இந்நாளில், அதை ஏற்றி அனுப்புவதற்கு முன் இங்கேயே ஆராய்ந்து அறியப் போகிறோமா என்பதுதான் கேள்வி.