கூஃபாவில் ஒரு துணிக்கடை

ஒவ்வோர் ஆண்டும் ஃபிக்ஹு வகுப்பில் 'கிதாபுல் புயூஃ' என்னும் வணிகப் படலத்தை நாம் தொடங்கும்போது, குறையுள்ள பொருளைப் பற்றிய சட்டத்தை மாணவர்கள் விரைவில் மனனம் செய்துவிடுகின்றனர். விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்படுமாயின், அதனைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அச்சட்டம். அதனை விரித்துரைத்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தாமே ஒரு துணி வணிகர் என்பதையும், அவ்வணிகருக்குப் பின்னால் குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் வரலாறு உண்டு என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

கூஃபா, குடியேறியவர்களின் நகரம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி, ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) சஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அதனை ஒரு படைநகராக அமைத்தார்கள். அரபுக் கோத்திரங்கள் தத்தமக்குரிய பகுதிகளில் குடியமர்ந்தன. அவற்றைச் சார்ந்து பாரசீகரும் பிறரும் 'மவாலி' என்னும் பெயரில் வாழத் தலைப்பட்டனர். கோத்திரமே ஒருவருக்குக் காவலாகவும் பிணையாகவும் விளங்கிய சமுதாயம் அது. கொலைப்பழிக்கு ஈடு செலுத்துவதும் கோத்திரமே. அத்தகைய ஊரில் கோத்திரம் இல்லாதவர், ஓர் அரபுக் குலத்தைச் சார்ந்து நின்றாலன்றிப் பாதுகாப்புப் பெற இயலாது.

இமாமின் பாட்டனார் ஸூத்தா காபூலைச் சேர்ந்தவர் என்றும், தைமுல்லாஹ் குலத்தாரின் சார்பில் இருந்தவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இமாமின் பேரர் இஸ்மாயீலோ, தம் முன்னோர் பாரசீகத்தின் சுதந்திர மக்கள் என்றும், அடிமைத்தனம் தம் குடும்பத்தை ஒருபோதும் தீண்டியதில்லை என்றும் உரைத்ததாக அறிவிக்கப்படுகிறது. இம்மறுப்பில் ஒலிக்கும் அழுத்தம் நம் கவனத்திற்குரியது. மூன்று தலைமுறைகள் கடந்த பின்னரும் பிறப்பைப் பற்றிய கேள்விக்கு அக்குடும்பம் விடை கூற வேண்டியிருந்தது.

ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) இமாம் பிறந்தபோது இராக்கை ஆண்டவர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப். இஸ்லாத்தைத் தழுவி நகரங்களில் குடியேறிய உழவர்களை அவர் ஊர்களுக்குத் திருப்பியனுப்பினார். முஸ்லிம்களாகிய பின்னரும் அவர்களிடம் ஜிஸ்யா வசூலித்தார். இவ்வநீதியை நீக்க கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சி (கி.பி. 717-720) வரவேண்டியிருந்தது. ஆக, இமாம் வளர்ந்த சூழலில் ஆட்சிப் பதவியும் குலப்பெருமையும் மவாலிக்கு எளிதில் எட்டுபவையல்ல. கல்வியும் கடைவீதியும் அவர்களுக்குத் திறந்திருந்தன. இமாம் அவ்விரண்டினுள்ளும் நுழைந்தார்கள்.

அவர்கள் விற்றது 'கஸ்' எனப்படும் பட்டுக் கலப்புள்ள உயர்ந்த துணி. கூஃபாவில் அம்ர் இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் அவர்தம் கடை இருந்தது. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றைக் கொணர்ந்து நூறு திர்ஹம் கேட்டாராம். அது கூடுதல் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை சென்றும் அதே விடை கிடைக்கவே, தம்மைக் கேலி செய்வதாக எண்ணினார். பின்னர் விலைமதிக்கத் தெரிந்த ஒருவர் வரவழைக்கப்பட்டு, ஐந்நூறுக்கு அது வாங்கப்பட்டது. விற்பவரின் அறியாமை வாங்குபவரின் இலாபமாகிவிடக் கூடாது என்பதே இங்கு நாம் காணும் நெறி.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் புகழ்பெற்றது. தம் வணிகக் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மானிடம் சரக்கை அனுப்பியபோது, அதில் ஓர் ஆடையில் குறை உள்ளதென்றும், விற்கும்போது அதனைச் சொல்லிவிட வேண்டும் என்றும் இமாம் தெரிவித்திருந்தார்கள். ஹஃப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம், அச்சரக்கின் விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

இஃது ஒருவரின் தனிப்பண்பு மட்டும்தானா? பஸராவில் துணி வணிகம் செய்த இமாம் முஹம்மத் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் தந்தையும், ஐனுத் தம்ரில் சிறைப்பட்டு வந்து பின் விடுதலை பெற்றவரே. தாம் கடனுக்கு வாங்கியிருந்த எண்ணெயில் செத்த எலி காணப்பட்டதும், அது செக்கிலேயே விழுந்திருக்கலாம் எனக் கருதி எல்லா எண்ணெயையும் அவர் கொட்டிவிட்டார் என்றும், அக்கடனால் சிறை புகுந்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறும். இறையச்சமே இவ்விருவரின் வாழ்க்கைக்கும் வேர் என்பதில் ஐயமில்லை. எனினும், வம்சத்தின் பெயரால் நம்பப்படாத ஒருவர், தம் சொல்லாலும் சரக்காலும் மட்டுமே நம்பிக்கையைப் பெற முடியும் என்பதைப் புதியோராய் வந்த குடும்பங்கள் நாள்தோறும் கற்றன. அமானிதமே அவர்களின் கோத்திரமாயிற்று.

இவ்வாழ்வனுபவத்தின் சாயலை இமாமின் சட்டத்திலும் நாம் காண்கிறோம். உறவினரற்ற புதியவர் ஒருவர், மற்றொருவருடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஈட்டுத்தொகைப் பொறுப்பிலும் வாரிசுரிமையிலும் இணையலாம் என்னும் 'வலாவுல் முவாலாத்' ஹனஃபி மத்ஹபில் செல்லும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதனை ஏற்பதில்லை. குடியேறியோர் நகரத்தின் தேவையை அறிந்த சட்டம் இது.

வணிகம் இமாமுக்கு மற்றொன்றையும் ஈந்தது. வறிய மாணவராக வந்த அபூயூசுஃப் (ரஹ்) அவர்களைத் தம் பொருளால் தாங்கி, பிற்காலத் தலைமைக் காழியை உருவாக்கினார்கள். தமக்கோ காழிப் பதவி அளிக்கப்பட்டபோது மறுத்து, இப்னு ஹுபைராவின் கசையடியையும், கலீஃபா மன்ஸூரின் சிறையையும் ஏற்றார்கள். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் அவர்கள் மறைந்தபோது, எந்த ஆட்சியாளரின் ஊதியத்திற்கும் அவர்கள் கடமைப்பட்டிருக்கவில்லை.

நம் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று கடை வைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டனார் எவ்வளவு பொருளீட்டினார் என்பதை அவர்கள் இல்லந்தோறும் கேட்டறிந்துள்ளனர். அயலூரில் அவரை மக்கள் எதனால் நம்பினர் என்பதையும் அவர்களுக்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும். குறையுள்ள பொருளைப் பற்றிய பாடத்தை, ஹஃப்ஸ் மறந்து விற்ற அந்த ஆடையிலிருந்தே இனித் தொடங்கலாம் என்று நாம் கருதுகிறோம்.