வெண்கருவும் மஞ்சட்கருவும்: இப்னு ஸீனாவின் நான்கு செரிமானங்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் இருக்கிறது. குச்சிக்கிழங்கும் கோழிமுட்டையும் அவ்வட்டாரத்தின் பெரும் விளைபொருள்கள். இவ்விரண்டையும் உண்டவர் உடலில் நிகழ்வது என்னவென்று இப்னு ஸீனாவிடம் (980–1037) கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கிழங்கு அவர் கண்டறியாதது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. முட்டையை அவர் நன்கறிவார்.

‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில் அவர் ஹழ்ம் எனும் செரிமானத்தை இரைப்பை, கல்லீரல், இரத்தக்குழாய்கள், உறுப்புகள் என நான்கு நிலைகளாக வகுத்தார். இதன் அடித்தளம் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் இட்டது. அதை மறைத்து, யாவற்றையும் நம்மவரே முதலில் கண்டனர் என முழங்குவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய புகழ்ச்சி அவருக்குத் தேவையுமில்லை.

மெல்லும்போதே செரிமானம் தொடங்கிவிடுகிறது என்கிறார் அவர். மென்ற கோதுமையை வைத்துக் கட்டினால் கட்டி பழுக்கிறது. நீரில் வேகவைத்த கோதுமைக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே வாயிலேயே ஒரு மாற்றம் நிகழ்கிறது என்பது அவர் காட்டும் சான்று. உமிழ்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதை லூக்ஸ் கண்டது 1831இல்தான். குச்சிக்கிழங்கை மெல்ல மெல்ல இனிப்புத் தட்டுவது இதனாலேயே.

அடுத்தது கல்லீரல். இரைப்பையில் கூழான உணவின் சாரம் குடலைச் சூழ்ந்த நாளங்கள் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே வெந்து இரத்தமாகிறது என்றனர் முன்னோர். இரத்த அணுக்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன என்பதை இன்று அறிவோம். ஆனால் அவர்கள் சொன்ன வழி பொய்யன்று. வெண்கருவின் புரதம் இரைப்பை அமிலத்திலும் கணைய நீரிலும் சிதைந்து அமினோ அமிலங்களாகி, கல்லீரல் வாயில் சிரை வழியே கல்லீரலுக்கே செல்கிறது. கிழங்கின் சர்க்கரைக்கும் அதுவே பாதை.

மஞ்சட்கருவின் கொழுப்போ அவ்வழி செல்வதில்லை. 1622இல் இத்தாலியில் அசெல்லி, உண்டு சிறிது நேரமே ஆன நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடற்சவ்வில் பால் நிறக் குழாய்களைக் கண்டார். பழைய நூல்களின் பிடி எத்துணை வலியதென்றால், தாம் புதிதாகக் கண்ட அக்குழாய்களும் கல்லீரலுக்கே செல்வதாக அவர் எண்ணினார். 1651இல் பிரான்சின் பெக்கே அவற்றைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தார். அவை கல்லீரலைத் தொடாமல் மார்பு நிணநாளத்தில் கூடி, கழுத்தடியில் சிரையொன்றில் கலந்திருந்தன.