ரெட் ஹெர்ரிங்

ஹெர்ரிங் வட அட்லாண்டிக் கடலில் கூட்டங்கூட்டமாகத் திரியும் மீன். கடுமையாக உப்பிட்டு நெடுநேரம் புகைமூட்டினால் செம்பழுப்பாகிவிடும். வாடையும் தூக்கலாக இருக்கும். அதுதான் 'ரெட் ஹெர்ரிங்'. பேச்சைத் திசைதிருப்பும் சங்கதிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆங்கில இதழாளர் வில்லியம் காபெட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுவயதில் இந்த மீனின் வாடையைக் காட்டி வேட்டைநாய்களை முயலின் தடத்திலிருந்து விலக்கியதாக 1807-இல் தம் இதழில் ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்ட பத்திரிகைகளைச் சாடவே அந்தக் கதை. வேட்டைக்காரர்கள் நிஜமாகவே இப்படிச் செய்தார்கள் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

தர்க்கப் பாடத்தில் இது ஒரு பிழையின் பெயர். 'தெருவிளக்கு ஏன் எரியவில்லை?' என்று கேட்டால், 'முன்பு இங்கே சாலையே கிடையாதே' என்று பதில் வருகிறது. அது உண்மையாகவே இருக்கலாம், அதனால்தான் ஏமாறுகிறோம். சொன்னது உண்மையா என்று பார்க்கும் முன், கேட்டதற்கு இது பதிலா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். துப்பறியும் கதையில் மட்டும் இது உத்தி: வாசகரின் சந்தேகத்தை அப்பாவி மேல் திருப்ப, ஆசிரியர் வேண்டுமென்றே போடும் பொய்த்தடம்.