விபுலானந்தன் என்றொரு பெயர்

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் ஒருவருக்கு விபுலானந்தன் என்று பெயர் இருந்தால், அவருடைய வயதைக் கேட்காமலே ஓரளவு ஊகித்துவிடலாம். பெரும்பாலும் அவர் ஓய்வூதியம் பெறுகிறவராகவோ, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறவராகவோ இருப்பார். இன்று பிறக்கும் ஆண் குழந்தைக்கு அந்தப் பெயரை இடுவோர் அரிது. பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் மரண அறிவித்தல்களைப் பார்த்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அந்தப் பக்கத்தைப் போல எந்த வரலாற்று நூலும் காட்டுவதில்லை. காலமானவரின் பெயருக்கும் கீழே வரிசையாக வரும் பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டே கிடக்கும்.

இந்தப் பெயருக்கு மூலமானவரை வாசகர்கள் அறிவர். ஆனால் அவர் அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. 1892ஆம் ஆண்டு காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த அவரை ஊர் அறிந்தது மயில்வாகனம் என்றுதான். தந்தை பெயரில் உள்ள 'தம்பி'யைக் கவனியுங்கள். இளையதம்பி, சின்னத்தம்பி, சீனித்தம்பி, வெள்ளைத்தம்பி என்று உறவுச் சொல்லையே இயற்பெயராக்கிக்கொண்ட நாடு அது. தமிழருக்கு மட்டுமன்றி முஸ்லிம்களுக்கும் அந்தப் பெயர்கள் உண்டு. தாயின் பெயரைக் கேட்கும்போது, அந்தக் கரையெங்கும் கோயில் கொண்டிருக்கும் கண்ணகை அம்மனின் நினைவு வராமல் போகாது.

மயில்வாகனம் என்பதும் சற்றுச் சிந்திக்க வேண்டிய பெயர். மயிலை வாகனமாக உடையவன் முருகன். ஆகவே இலக்கணப்படி அது அன்மொழித்தொகை. மயில்வாகனன் என்று முடிந்திருக்க வேண்டும். ஈழத்தவர் நாமோ கனகரத்தினம், செல்வநாயகம், நாகலிங்கம் என்று 'அம்' விகுதியில் ஆணுக்குப் பெயரிட்டுப் பழகியவர்கள். யாழ்ப்பாண வைபவமாலை எழுதிய மயில்வாகனப் புலவர் முதல் இலங்கை வானொலியின் எஸ்.பி. மயில்வாகனம் வரை அந்தப் பெயர் இங்கு வழிவழியாக வந்தது. தமிழகத்தில் அதை அவ்வளவாகக் காண முடியாது.

அந்த மயில்வாகனம் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் கற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறி, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1922இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரமசாரியாக இருந்த காலத்தில் அவருக்குப் பிரபோத சைதன்யர் என்று பெயர். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, பரமஹம்சரின் நேரடிச் சீடரும் அப்போது மடத்தின் தலைவராக இருந்தவருமான சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு அளித்து விபுலானந்தர் என்று பெயரிட்டார். (கல்லடியின் பழைய இரும்புப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சுவாமிகளின் சமாதி இப்போது அந்தப் பாலத்துக்கு அப்பால், கல்லடி உப்போடையில் இருக்கிறது.)

'விபுல' என்ற வடசொல்லுக்கு அகன்ற, பரந்த, மிகுந்த என்று பொருள். விபுலானந்தம் என்றால் பேரின்பம். சொல் மிகப் பழையது. மகாபாரதத்தில் குருவின் மனைவியை இந்திரனிடமிருந்து காத்த சீடன் ஒருவனுக்கு விபுலன் என்று பெயர். மகத நாட்டு இராசகிருகத்தைச் சூழ்ந்த ஐந்து மலைகளுள் ஒன்று விபுலம். வடமொழிச் செய்யுளில் அனுஷ்டுப்பின் ஒரு வகைக்கும் விபுலா என்றே பெயர். இசைத்தமிழை ஆராய்ந்து யாழ்நூல் தந்தவருக்கு வாய்த்த பெயர் யாப்பிலும் இடம்பெற்றிருப்பது தற்செயல்தான். ஆயினும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

துறவு ஏற்பவர் தமக்குத் தாமே ஈமக்கடன் செய்துவிட்டே காவி உடுக்கிறார். பழைய பெயரோடு குலமும் குடும்பமும் முடிந்துவிடுகின்றன. புதுப்பெயர் தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ வருவதன்று, குருவிடமிருந்து வருவது. பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்கென்று அது படைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஒரு பெயரைத்தான் வாவிக்கரைத் தாய்மார் எடுத்துத் தொட்டிலில் இட்டார்கள்.

அதற்குச் செய்ய வேண்டியிருந்த இலக்கண மாற்றம் ஒரேயோர் எழுத்து. மரியாதைக்குரிய 'ர்' போய் 'ன்' வந்தது. விவேகானந்தர் 1897 சனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றியவர். விவேகானந்தன், சிவானந்தன், சச்சிதானந்தன், யோகானந்தன் எனச் சென்ற நூற்றாண்டில் ஈழத்தில் வழங்கிய 'ஆனந்தன்' பெயர்களின் வரிசையில் விபுலானந்தன் வந்து சேர்ந்தது எளிதாயிற்று. பிரபோத சைதன்யனை யாரும் வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. அதை அழைப்பதற்குள் பிள்ளை அடுத்த வளவுக்கு ஓடிவிடும்!

ஆனால் ஓசை எளிமை மட்டும் காரணமன்று. 1929இல் அவர் கல்லடி உப்போடையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. குருவின் பெயரை வைத்துச் சிவானந்த வித்தியாலயம் என்றார். அங்கும் இராமகிருஷ்ண மிஷனின் பிற பாடசாலைகளிலும் படித்து முதன்முதலாக அரசாங்க உத்தியோகத்துக்குப் போன தலைமுறை ஒன்று கிழக்கில் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூலின் ஆசிரியர் ஆகிய மூவரும் தங்கள் ஊரான் ஒருவனே என்பது, எப்போதும் யாழ்ப்பாணத்தின் நிழலில் வைத்துப் பேசப்பட்ட ஒரு பிரதேசத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி! அரங்கேற்றம் நடந்து ஆறு வாரங்களில், சூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார். அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டது, படிப்பைப் பற்றிய ஒரு வேண்டுதல் என்றே நான் கொள்கிறேன். சில இடங்களில் அது பலித்தும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக விளங்கிய குமாரசுவாமி விபுலானந்தனின் பெயர் அத்துறையினர் அறிந்தது.

தமிழகத்தில் இந்தப் பெயர் பரவவில்லை. சுவாமிகளை அங்குள்ள அறிஞர் கொண்டாடினார்கள். ஆனால் காலம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. அவர் பண்டிதரான அதே 1916இல்தான் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறினார்கள். அந்தக் காற்றில் முற்றிலும் வடமொழியான ஒரு பெயர் எப்படி வேர்விடும்? ஈழத்திலும் பின்னாளில் தூய தமிழ்ப் பெயர்கள் ஒருபுறமும், எண்சாத்திரம் சொன்ன பொருளற்ற ஓசைகள் மறுபுறமுமாக வந்து, நீண்ட 'ஆனந்தன்'களை ஒதுக்கிவிட்டன. முதல் வகையை நான் மதிக்கிறேன். இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லாதிருப்பதே நல்லது.

இன்னொன்றும் உண்டு. 'விபுல' என்பது சிங்களவரிடையே பரவலாக வழங்கும் ஆண்பெயர். எனவே நம் ஊர் விபுலானந்தனின் பெயரை நடுவில் முறித்தால் முற்பாதி சிங்களம், பிற்பாதி தமிழ். பெயரும் உச்சரிப்பும் ஒருவரின் உயிரைத் தீர்மானித்த 1983 சூலையில், அதன் பின்னான நீண்ட சோதனைச்சாவடிக் காலத்தில், அடையாள அட்டையில் அந்தப் பிற்பாதி என்னவாக எடையிட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பேரின்பம் என்ற பொருளுள்ள பெயர்!

மட்டக்களப்பில் ஒருவர் எந்தக் குடி என்பதைத் தாயே தீர்மானிக்கிறார். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் போன்ற பெருங்கோயில்களிலும் உரிமையும் முறையும் அந்தத் தாய்வழிக் குடிகளைப் பற்றியே செல்கின்றன. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி ஒரு தலைமுறை நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். ஆக, சொந்த மண்ணில் விபுலானந்தன் என்பது ஓர் ஆளோடு முடியும் பெயர். மகனுக்கு 'வி.' மட்டும் மிஞ்சும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் கதை மாறியது. கனடாவிலும் இலண்டனிலும் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்டன. நம்மவருக்கு அப்படி ஒன்று இல்லாததால் தந்தையின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் 'விபு' என்று அழைக்கப்பட்ட ஒருவரின் முழுப்பெயர் அவருடைய பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் கூடத்தான், குடும்பப் பெயராயிற்று. 'த'வை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியதால் அண்ணனின் குடும்பம் ஒரு விதமாகவும் தம்பியின் குடும்பம் இன்னொரு விதமாகவும் பதிவானதுண்டு. குடும்பத்தைத் துறந்தவருக்குக் குரு தந்த பெயர், 1924க்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, வேற்று நாட்டில் குடும்பங்களின் பெயராக நிற்கிறது. மணமான பிறகும் அதை விடாமல் வைத்துக்கொள்ளும் மகள்மார் அங்கு உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு அது தாய்வழியாகப் போய்ச் சேர்கிறது.