கடனும் கணக்கும்

வறிய குடும்பத்துக்குக் கைகொடுக்கும் அரசு நல்லரசு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். யாருக்கு, எதன்பொருட்டு, யாரை விலக்கி அவ்வுதவி வழங்கப்படுகின்றது என்று கேட்பவர் சிலரே. ஹிட்லரின் ஜேர்மனி இக்கேள்வியின் இன்றியமையாமையை நமக்கு உணர்த்துகின்றது.

1933ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர். மே மாதத்தில் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. ஜூனில் திருமணக் கடன் திட்டம் பிறந்தது. மணமக்களுக்கு 1000 மார்க் வரை வட்டியில்லாக் கடன், வீட்டுப் பொருள்கள் வாங்கும் சீட்டுகளாகக் கணவன் கையில் வழங்கப்பட்டது. தொழில் புரிந்துவந்த மணமகள் வேலையைத் துறத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அவள் விட்ட இடத்தில் ஓர் ஆண் அமர்ந்தான். வேலையற்றோர் தொகையும் குறைந்தது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடனிற் காற்பங்கு தள்ளுபடி. நான்கு பெற்றால் முழுக்கடனும் தீரும். ஆயின், போர்த் தளவாட உற்பத்திக்கு ஆள் போதாதுபோன 1937இல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. பெண்ணின் இடம் இல்லமே என்ற உபதேசம் ஆலையின் தேவைக்கு முன் அடங்கிப்போயிற்று.

கடன் பெறுவோர் மருத்துவச் சோதனைக்கு உட்படல் வேண்டும். யூதர் விலக்கப்பட்டனர். 1933 ஜூலையில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், பரம்பரை நோயுடையோர் என முத்திரை குத்தப்பட்டவர்களைக் கட்டாய மலடாக்கலுக்கு ஆளாக்கியது. அதன் கொடுமைக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இரையாயினர். ஒரு குடும்பத்துக்குத் தொட்டில் வாங்கக் கடன் கொடுத்த அரசு, மற்றொரு குடும்பத்திலே தொட்டிலே ஆடாதவாறு செய்தது.

ஆசிரியர்களாகிய நம்மை நடுங்கவைப்பது வேறொன்று. அக்காலக் கணிதப் பாடநூலொன்றிலே, மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் பராமரிக்கும் செலவைக் கொண்டு 1000 மார்க் வீதம் எத்தனை திருமணக் கடன்கள் வழங்கலாம் என்று மாணவரிடம் கேட்கப்பட்டது. வெறும் வகுத்தற் கணக்கு! கரும்பலகையில் அதை எழுதியவரும் நம்மைப் போன்ற ஆசிரியரே. 1940, 1941ஆம் ஆண்டுகளில் நச்சுவாயு அறைகளில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் கொல்லப்பட்டபோது, அக்கணக்கின் விடை எழுதப்பட்டுவிட்டது.

அதே ஜேர்மனியில் 1927இல் வேலையின்மைக் காப்புறுதி சட்டமாயிற்று. அது தொழிலாளரின் உரிமை. உரிமையைக் கேட்டுப் பெறலாம். மறுத்தால் எதிர்த்து வாதாடலாம். கேள்வி கேட்கும் சங்கத்தையும் சபையையும் அழித்தபின் அரசு நீட்டும் உதவியோ, மனிதரைத் தரம்பிரிக்கும் தராசாகவே முடிகின்றது. ஆதலின், அரசு எவ்வளவு கொடுத்தது என்று கணக்கிடுமுன், விலக்கப்பட்டவர் யார் என்று கேட்க நம் மாணவருக்குக் கற்பிப்போம்.